குங்குமம் இங்கே, புகையிலை எங்கே?

ஜவளகிரி காட்டு ரோட்டில் அந்தக் கார் செத்துப்போன விதத்தை முனிவேல் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். இருமல் இல்லை, திணறல் இல்லை, ஒரு குலுக்கல்கூட இல்லை. ஏற்றத்தில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த வண்டி, யாரோ மெயின் ஸ்விட்சைப் பிடுங்கினாற்போல் அடங்கிவிட்டது. ஏசி நின்றது. மீட்டர் விளக்குகள் அணைந்தன. பட்டப்பகல்தான், ஆனாலும் மூங்கில் புதர்களுக்கு நடுவே ரோடு இருண்டுதான் கிடந்தது. புதருக்குள் எதுவோ மடமடவென்று முறிந்தது.

"காத்து பலமா அடிக்குதுங்களே" என்றான் முனிவேல், பின் சீட்டிலிருந்து.

"காத்து இல்லீங்க. ஆனை" என்றாள் டிரைவர் சீட்டில் இருந்த ஹீனா.

எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருக்கிற ஆள் முனிவேல். இப்போது கதவுப் பூட்டைத்தான் தடவிப் பார்த்தான்.

ஹீனா ஜவளகிரிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் டாக்டர். ஓசூரில் டயர் வியாபாரம் செய்கிற பஷீர் அஹமதுவின் ஒரே மகள். தளி தாண்டி, காட்டோரம் இருக்கிற அத்தனை ஊர் மாடுகளுக்கும் அவள்தான் வைத்தியம். கன்று குறுக்கே விழுந்துவிட்டது என்று ஃபோன் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது, கார்தான் கதி. அந்தக் கார் வாங்கிய முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான், சூடேறினால் நடுரோட்டில் படுத்துவிடும். ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஷோரூமுக்குக் கொண்டுபோனால், "எங்களுக்கு நல்லாத்தானே மேடம் ஓடுது" என்பார்கள். துடைத்துக் கொடுப்பார்கள், காபி கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். சண்டை முற்றி, போன வாரம்தான் "வாரண்டியில புது ஃப்யூஸ் பாக்ஸ் மாத்தியாச்சு, இனிமே நிக்கவே நிக்காது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள். நாளையோடு வாரண்டி முடிகிறது. இன்றைக்குப் பாருங்கள், வண்டி மறுபடி நின்றுவிட்டது.

முன் சீட்டில் இருந்தவள் காவேரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவள். அதை விட்டுவிட்டு, பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். வண்டியில் என்னதான் தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஹீனாதான் அவளைக் கூட்டி வந்திருந்தாள். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை எப்படி, குடிப்பானா, கம்பெனியில் பெர்மனென்ட்டா என்கிற விசாரணை. முனிவேல் அவளுடைய அசிஸ்டென்ட், டிரைவர், டீ வாங்கி வருகிற ஆள் எல்லாம். தர்மபுரிக்காரன், முன்பு வாடகைக் கார் ஓட்டியவன்.

"ஹஸார்ட் லைட் போடு ஹீனா" என்றாள் காவேரி.

"எரியாதுக்கா. நின்னா எல்லாமே போயிடும். ஹாரன்கூட அடிக்காது."

காவேரி அந்தச் செத்துப்போன பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை முனிவேல் கண்ணாடியில் கவனித்தான். "ஹைவேல இப்படி நின்னா?" என்றாள் மெதுவாக.

"அத்தா அதைத்தான் சொல்றாரு. ஒண்ணு வண்டியை விடு, இல்ல வேலையை விடுன்னு. நாளைக்குள்ள இது சரியாகலைன்னா வண்டிச் சாவியையே தர மாட்டாராம்." ஹீனாவின் குரல் உடைந்தது. "எனக்கு இந்த வேலையை விட முடியாதுக்கா. பயமும் விட மாட்டேங்குது. ஒவ்வொரு நாளும் இந்த மேட்டுல ஏறும்போது கையெல்லாம் நடுங்குது."

புதர் விலகியது. ஒற்றைக் கொம்பன். ரோட்டைக் கடந்து, பாதியில் நின்று, காரைப் பார்த்தது. அது என்ன நினைத்ததோ, காதை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஹீனா சாவியைத் திருகினாள். வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

"நல்ல வண்டிக்கா. ஆனையைப் பாத்தா மட்டும் மரியாதைக்கு நின்னு வழி விடுது" என்றான் முனிவேல்.

தளியில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள் காவேரி. பானெட்டைத் திறந்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்பு ஃப்யூஸ் பாக்ஸ். அதை ஒட்டி ஒரு துணி முடிச்சு கட்டியிருந்தது.

"இது என்ன?"

"புகையிலைக்கா. எலி வயரைக் கடிக்காம இருக்க. வண்டி வாங்கின அன்னைக்கே அத்தா கட்டினாரு. காஞ்சா மாத்தி மாத்திக் கட்டுவோம்."

காவேரி குனிந்து பாக்ஸை மோந்து பார்த்தாள். முனிவேலைக் கூப்பிட்டாள். "நீ மோந்து பாரு. வருஷக்கணக்கா புகையிலை போட்டவன் மூக்கு."

முனிவேலுக்கு ரோஷம் வந்தது. புகையிலையை விட்டு நாளாகிவிட்டது, ஆனால் அக்கா மட்டும் சொல்லிக்காட்டுவதை விடவே மாட்டாள். மோந்தான். முடிச்சு கமகமவென்று மணந்தது. பாக்ஸில் மட்டும் சோப்பு வாடைதான் அடித்தது. "ஒரு வாரம்தானே ஆச்சு, இதுக்கு வாடை இன்னும் ஏறல. பழைய பாக்ஸா இருந்தா பிளாஸ்டிக்கே மணக்கும். எங்க வீட்டுப் புகையிலை டப்பா ஒண்ணு இன்னும் அப்படித்தான் இருக்கு."

காவேரி மூடியின் கொக்கியை நெம்பிக் கழற்றினாள். உள் விளிம்பில், கொக்கி உட்காருகிற இடுக்கில், நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. கூடவே மஞ்சளாகக் காய்ந்த ஒரு பொருக்கு.

"குங்குமம். சந்தனம்" என்றாள்.

ஹீனா திகைத்துப்போய்ப் பார்த்தாள். "எங்க வண்டியிலயா?"

"அதான் நானும் கேக்கறேன்."

"டெலிவரி அன்னைக்குப் பூசை வேணுமான்னு கேட்டாங்க, வேணாம்னு சொல்லிட்டோம். அவங்களும் பூ மட்டும் குடுத்து அனுப்பினாங்க."

"புது பாக்ஸ்னு போன வாரம் போட்டாங்க. புது பாக்ஸுக்கு ஆயுத பூசை எங்க நடந்துச்சு?" காவேரி மூடியைப் பழையபடி மாட்டினாள். அவள் சிரிக்கவில்லை. "இது வேற எவனோ வண்டியில இருந்து கழட்டினது. கழுவியிருக்கான். இடுக்கை மறந்துட்டான். குங்குமம் இங்க வந்திருக்கு, சரி. உன் புகையிலை மணக்கிற பாக்ஸ் எங்க போச்சு?"

டீக்கடைக்காரர் எத்தனை டீ என்று கேட்டார். முனிவேல் மூன்று விரலைக் காட்டினான்.

"அப்ப என் பாக்ஸ்..." என்று ஆரம்பித்தாள் ஹீனா.

"யார் வண்டியிலயோ இருக்கு. அவங்களும் புதுசு மாத்தியாச்சுன்னு நம்பி ஓட்டிட்டு இருப்பாங்க" என்றாள் காவேரி.

மறுநாள் காலை, ஹீனா கார் வாங்கிய ஷோரூம், விண்மீன் மோட்டார்ஸ். ஓசூரிலிருந்து ஜூஜுவாடி போகிற வழியில், கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கும். முன்னால் ஒரு குடும்பம் புது வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் சர்வீஸ் கொட்டகை. முன்பக்கம் ரோஜா வாசனை, பின்பக்கம் கிரீஸ் வாசனை, நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் தெரியாது.

"நீ கொட்டகைக்குப் போ. நிக்கிற வண்டி எல்லாத்தையும் மோந்து பாரு" என்று முனிவேலின் காதோடு சொன்னாள் காவேரி.

"அக்கா, போலீஸ்ல இதுக்கு நாய் வச்சிருக்காங்க."

"அதுக்குப் பிஸ்கட் போடணும். உனக்கு டீ போதும்."

முனிவேல் கொட்டகைக்குள் நுழைந்தான். மெக்கானிக் திம்மப்பன் ஹீனாவின் காரைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆனேக்கல் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"டாக்டரம்மா வந்திதாரா? மத்தே நின்னுச்சா?" என்றார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"நின்னுச்சு. ஆனை முன்னாடி நின்னுச்சு. அது நல்ல மனசு, இன்சூரன்ஸ் கேக்காம போயிடுச்சு."

திம்மப்பன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். பயந்த மனுஷனின் முதுகு எப்படி இருக்கும் என்று முனிவேலுக்குத் தெரியும், இது அதேதான்.

வரிசையாக நின்ற அதே மாடல் வண்டிகளில் ஒவ்வொன்றாகத் தலையை விட்டான். ஒன்றில் பினாயில், ஒன்றில் அந்துருண்டை, ஒன்றில் செத்த பல்லி. புகையிலை எங்கேயும் இல்லை. கடைசியில் நிழலில் காலியாக இருந்த ஒரு இடத்தில் சாய்ந்து நின்றான்.

"அங்கே நிக்க வேணா. அது அம்மாவ்ரு காடி நிக்கிற எடம்" என்றார் திம்மப்பன் தூரத்திலிருந்து.

"அம்மன் வண்டியா? உண்டியல் எங்கே, காணோமே?"

அதற்கும் அவர் சிரிக்கவில்லை. "பெளக்கே பெங்களூருக்குப் போயாச்சு" என்று முணுமுணுத்தார். காலையிலேயே கிளம்பிவிட்டதாகச் சொல்கிறார் என்று முனிவேலுக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

முனிவேல் உள்ளே கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்தபோது மேனேஜர் அஜித்குமார் காவேரிக்கும் ஹீனாவுக்கும் குளிரக் குளிரப் பேசிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, கரூர்க்காரன், முதலாளிக்குப் பங்காளி முறை. கோபமே வராத ஆட்கள் சிலர் இருப்பார்கள், அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"புது பாக்ஸ்தான் மேடம் போட்டோம். அதுக்கு மேல நிக்குதுன்னா வண்டியில தப்பு இல்ல. ஓட்டுற விதம், ஓட்டுற ரோடு. ஜவளகிரி ரோடெல்லாம் ஜீப் ஓட்டுற ரோடு. வாரண்டி இன்னையோட முடியுது, நான் என்ன பண்ண முடியும்?"

காவேரி ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் விரித்தாள். அதில் நேற்றுச் சுரண்டிய சிவப்பும் மஞ்சளும் இருந்தன. "உங்க புது பாக்ஸோட இடுக்குல இருந்தது."

அஜித்குமார் பார்த்தான். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "டாக்டர் மாட்டு வைத்தியம் பாக்குறாங்க. மாட்டுப் பொங்கலுக்கு ஊர்க்காரங்க வண்டிக்கும் பொட்டு வச்சிருப்பாங்க. கிராமத்துல பாசமா செய்வாங்க மேடம்."

"வச்சாங்கதான்" என்றாள் ஹீனா, அப்பாவியாக.

முனிவேலுக்குச் சப்பென்று போய்விட்டது. துப்பு துலங்கிய சந்தோஷத்தில் ராத்திரி சரியாகத் தூங்காமல் வந்தவன் அவன். இப்படி ஒரே வார்த்தையில் மூட்டை கட்டிவிட்டானே பாவி.

"தையில வச்ச குங்குமம், போன வாரம் வந்த பாக்ஸ்ல எப்படி சார் ஏறுச்சு?" என்று கேட்டாள் காவேரி. "அதுவும் மூடிக்குள்ள. மாட்டுக்கு வைக்கிறவங்க மாட்டு வாயைத் திறந்து உள்நாக்குலயா வைப்பாங்க?"

இந்தத் தடவை அவன் டம்ளரை எடுத்தான். தண்ணீர் குடித்தான்.

"டாக்டர் வண்டியில கழட்டின பழைய பாக்ஸைக் காட்டுங்க, போதும்" என்றாள் காவேரி.

"வாரண்டியில கழட்டினது கம்பெனிக்குப் போயிடும். அதான் ரூல்."

"போயிடுச்சா?"

"அன்னைக்கே அனுப்பியாச்சு. வேணும்னா மெக்கானிக்கையே கேளுங்க." அவனுக்கு அவ்வளவு தைரியம். திம்மப்பன் தனக்கு எதிராக வாயைத் திறப்பார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. கூப்பிட்டு விட்டான்.

திம்மப்பன் கதவோரம் வந்து நின்றார். அறை சில்லென்று இருந்தது, அவருக்கோ நெற்றியில் வியர்வை. காவேரி அவரை மிரட்டவில்லை. ஹீனாவைக் காட்டி, "நேத்து இவங்க வண்டி காட்டுக்குள்ள நின்னு, எதிர்ல கொம்பன் வந்து நின்னுச்சுண்ணா. இவங்க பாக்ஸைக் கழட்டினீங்களே, அது எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திம்மப்பன் ஹீனாவைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அம்மாவ்ர காடிகெ ஹாக்தே" என்றார், தரையைப் பார்த்தபடி.

அஜித்குமார் மேஜையில் கையைத் தட்டிச் சிரித்தான். "கேட்டீங்களா? அம்மா காடிக்குப் போட்டேங்கிறாரு. டாக்டரம்மா வண்டிக்குப் புது பாக்ஸ் போட்டேன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இன்னும் என்ன வேணும்?"

முனிவேலுக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா வண்டிக்குப் போட்டேன். அம்மா என்றால் எதிரே உட்கார்ந்திருக்கிற டாக்டரம்மா. கேஸ் ஊத்தி மூடியாச்சு, எழுந்து போகலாம் என்று அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

காவேரி எழவில்லை. அவள் கட்டிக்கொண்டு போன வீடு ஆனேக்கல்லில். மாமியாரிடம் இருபது வருஷம் கன்னடத்தில் திட்டு வாங்கியவள்.

"சார், நான் கேட்டது போட்ட பாக்ஸை இல்ல, கழட்டின பாக்ஸை" என்றாள். "கழட்டினதைத்தான் போட்டேங்கிறாரு. எந்த அம்மாவுக்குன்னு கேட்டீங்களா?"

"எந்த அம்மான்னா?"

"இவங்களை அவர் டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாரு. முனி, வந்ததும் எப்படிக் கூப்பிட்டாரு?"

"டாக்டரம்மா வந்திதாரான்னு..." முனிவேலின் வாய் அப்படியே நின்றது. காலியாக இருந்த நிழல் இடம் கண்ணுக்குள் வந்தது. "அக்கா. வெளியில ஒரு வண்டி நிக்கிற எடத்தை அம்மாவ்ரு காடி எடம்னு சொன்னாருக்கா."

"அம்மாவ்ருன்னா கன்னடத்துல எஜமானியம்மா, சார்" என்றாள் காவேரி. குரலில் வெற்றியே இல்லை, அதுதான் முனிவேலுக்குப் பயத்தைக் கொடுத்தது. "கடை முதலாளி வீட்டம்மாவை, மேனேஜர் வீட்டம்மாவை அப்படித்தான் சொல்லுவாங்க. உங்க வீட்டம்மா என்ன வண்டி ஓட்டுறாங்க?"

அஜித்குமாரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. திம்மப்பன் பக்கம் மெதுவாகத் திரும்பினான்.

"ஹரிணி வண்டிக்கா? ஷெல்ஃபுல இருந்ததையா போட்டே?"

திம்மப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். வார்த்தைகள் குழறிக் குழறி வந்தன. போன வாரம் இரண்டு வண்டியும் ஒரே நாளில் வந்ததாம். இரண்டுக்கும் ஒரே நோவு. கழற்றியதைக் கழுவி, கவர் போட்டு ஷெல்ஃபில் வைப்பது இங்கே வழக்கம். கம்பெனியிலிருந்து வருகிற புதுசெல்லாம் எல்லை தாண்டி, கர்நாடகக் கடைகளுக்கு விலைக்குப் போய்விடும். மேனேஜர் ஃபோனில், வீட்டு வண்டியும் நிற்கிறதாம், பார்த்து மாற்றிவிடு என்றாராம்.

"புதுசு என் ரூம் பீரோவுல இருந்துச்சேடா."

"அதை யாருக்கும் தரக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. சாவியும் உங்க கிட்டே. ஃபோன் போட்டேன், நீங்க எடுக்கலே. அம்மாவ்ரு அர்ஜெண்ட்னு நின்னாங்க. இருக்கிறதுல நல்லதாப் பாத்துப் போட்டேன் சார். டாக்டரம்மா பாக்ஸ்தான் எலி கடிக்காம சுத்தமா இருந்துச்சு. அவங்கதை இவங்களுக்கு, இவங்கதை அவங்களுக்கு."

ஹீனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"டவுனுக்குள்ளயே ஓட்டினதால ஒரு வாரம் தாங்கியிருக்கு" என்றாள் காவேரி. "இன்னைக்கு எங்க போயிருக்காங்க?"

அஜித்குமார் சட்டைப்பையைத் துழாவினான். ஃபோனை எடுத்தான். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை ஹரிணி எடுத்தாள். ஸ்பீக்கர் தானாகத் தட்டுப்பட்டுவிட்டது, எல்லோருக்கும் கேட்டது.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேங்க. வண்டி மறுபடி நின்னுடுச்சு. அத்திப்பள்ளியில ஒரே டிராஃபிக், ஊர்ந்து ஊர்ந்து வந்து இப்பத்தான் பாலம் ஏறினேன், நடுவுல நின்னுடுச்சு. உள்ளயே உக்காந்திருக்கேன். யாரையாவது அனுப்புங்க."

"இறங்கு" என்றான் அஜித்குமார்.

"எப்படிங்க இறங்குறது, லாரியா வருது. சிக்னல் லைட்டும் எரிய மாட்டேங்குது."

ஹீனா எட்டி அவன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். முனிவேல் அதுவரை பார்த்த ஹீனா இல்லை அது. பிரசவம் ஆகாமல் தவிக்கிற மாட்டின் பக்கத்தில் நின்று பேசுகிற குரல்.

"ஹரிணி, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. பெல்ட்டைக் கழட்டுங்க. வலது கதவைத் தொடாதீங்க. இடது சீட்டுக்கு நகருங்க. பேக் வேணாம், விடுங்க. பின்னால பாத்துட்டு இடது கதவைத் திறங்க. பாலத்துச் செவுரு எவ்ளோ தூரம்?"

"பக்கம்தான். நீங்க யாருங்க?"

"இதே மாதிரி நடுரோட்டுல நின்னவ. ஓடுங்க. செவுத்தோரமா, வண்டிக்கு முன்னால நிக்காம, பின்பக்கமா போங்க."

கதவு திறக்கிற சத்தம். காற்று. லாரிகளின் இரைச்சல். செருப்பு தேய்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு நீளமாக ஒரு ஹாரன். அதன் மேலேயே விழுந்தது அந்த இடி. தகரம் கிழிகிற ஓசை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

அஜித்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

"ஹரிணி" என்றாள் ஹீனா. "ஹரிணி."

"இருக்கேன்." அழுகைக்கு நடுவே அந்தக் குரல் வந்தது. "செவுத்தோரமா இருக்கேன். வண்டி இல்லீங்க. இழுத்துட்டுப் போயிடுச்சு. நான் உக்காந்திருந்த எடமே இல்லீங்க."

முனிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அஜித்குமார் எழுந்தான். தள்ளாடிப்போய் பீரோவைத் திறந்து, சீல் உடைக்காத அட்டைப்பெட்டி ஒன்றைத் திம்மப்பன் கையில் கொடுத்தான். "டாக்டர் வண்டிக்குப் போடு. இப்பவே போடு" என்றான். ஹீனாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "மேடம், புது வண்டியே தர்றேன். வெளியில மட்டும்..."

ஹீனா அவனைப் பார்க்கவே இல்லை. திம்மப்பனைப் பார்த்தாள். "அண்ணா, ஷெல்ஃபுல இருந்தது வேற யாருக்கெல்லாம் போட்டீங்க?"

கொட்டகையில் திம்மப்பன் கைகள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன, வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கெலவரப்பள்ளி ரோஜாத் தோட்டக்காரர். மத்திகிரியில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். அப்புறம் சரசம்மா டீச்சர், தன் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் பள்ளிக்கூடம் போகிறவர். காவேரி ஒவ்வொரு பெயருக்கும் சர்வீஸ் கவுன்டர் கம்ப்யூட்டரில் நம்பரைத் தேடி எடுத்தாள், முனிவேல் ஃபோன் அடித்தான்.

தோட்டக்காரர் எடுத்தார், வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்றார். தொடவே வேண்டாம் என்று முனிவேல் கெஞ்சினான். வாத்தியார் எடுத்தார், முதலில் திட்டினார், பிறகு கேட்டுக்கொண்டார். சரசம்மா டீச்சருக்கு ரிங் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் போய்க்கொண்டே இருந்தது.

"பள்ளிக்கூட நேரம்" என்றாள் காவேரி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு. "இப்பத்தான் கிளம்பியிருப்பாங்க."

"ஓட்டும்போது ஃபோன் எடுக்காத நல்ல டீச்சரா இருப்பாங்கக்கா" என்றான் முனிவேல். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பயங்கரமான வார்த்தை என்று அவனுக்கே உறைத்தது.

திம்மப்பன் பானெட்டை மூடினார். ஹீனா சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நேற்று நடுங்கிய அந்தக் கை இப்போதும் நடுங்கியது. அதே கையால் கியரைப் போட்டாள்.

"விண்மீன் மோட்டார்ஸ் வித்ததுலயே நடுரோட்டுல நிக்காதுன்னு நம்பி ஏறக்கூடிய வண்டி இப்போதைக்கு இது ஒண்ணுதான்" என்றாள். "ஏறுங்கக்கா. ராயக்கோட்டை ரோட்டுக்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியும்."